காருக்கு ஏற்ற என்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முன்னுரை

என்ஜின் ஆயில் என்பது கார் என்ஜினுக்குள் இயங்கும் உலோகப் பாகங்களுக்கு இடையே மெல்லிய படலமாகப் பரவி, உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கும் மசகு எண்ணெய் ஆகும். சிறிய கார் ஒன்றுக்கு ஒரு முறை மாற்ற 3 முதல் 4 லிட்டர் வரை தேவைப்படும். காரின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. ஆனால் தவறான ஆயிலாலோ, போதாத ஆயிலாலோ என்ஜின் பழுதானால் அதைச் சீர்செய்யும் செலவு பல்லாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும்.

கடையில் வரிசையாக நிற்கும் டப்பாக்களில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்ற குறியீடுகளும், ஏபிஐ, ஏசிஇஏ, இல்சாக் என்ற பெயர்களும் ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றின் பொருள் தெரியாதபோது பலரும் விலையை வைத்தோ, விளம்பரத்தை வைத்தோ, "கெட்டியாக இருந்தால்தான் நல்லது" என்ற பழைய நம்பிக்கையை வைத்தோ முடிவெடுக்கிறார்கள். அந்தக் குறியீடுகள் எதைச் சொல்கின்றன, நம் காருக்கு எது பொருந்தும் என்பதை எப்படி அறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

என்ஜினுக்குள் ஆயில் செய்யும் வேலைகள்

என்ஜின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுற்றும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 50 முறை மேலேறி இறங்குகிறது. அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே பாகங்கள் சூடேறி ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் என்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறார்கள். அப்படி நடக்காமல் தடுப்பது சில மைக்ரான் தடிமனே உள்ள ஆயில் படலம். என்ஜினின் அடியில் உள்ள தொட்டியிலிருந்து ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக வடிகட்டி, கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், பேரிங்குகள் எல்லாவற்றிற்கும் அழுத்தத்தோடு அனுப்புகிறது.

உராய்வைக் குறைப்பதோடு ஆயில் வேறு பல வேலைகளையும் செய்கிறது:

- ரேடியேட்டர் தண்ணீர் சென்று சேராத பிஸ்டன், பேரிங் போன்ற இடங்களின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.
- எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி, பிசுக்கு ஆகியவற்றைத் தன்னுள் மிதக்கவைத்து, ஓரிடத்தில் படியாமல் தடுக்கிறது.
- பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, அழுத்தம் கசியாமல் காக்கிறது.
- எரிதலில் உருவாகும் அமிலங்களைச் சமன்செய்து, துருப்பிடிப்பதைக் குறைக்கிறது.
- இன்றைய என்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பையும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் தன் அழுத்தத்தால் இயக்குகிறது.

இத்தனை வேலைகளையும் வெறும் எண்ணெய் செய்துவிட முடியாது. ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, அதனுடன் கலக்கப்படும் வேதிச் சேர்க்கைப் பொருள்கள். தேய்மானத்தைத் தடுப்பவை, அழுக்கை நீக்குபவை, நுரையை அடக்குபவை, வெப்பத்தில் ஆயில் அதிகம் நீர்த்துப்போகாமல் காப்பவை எனச் சேர்க்கைப் பொருள்கள் பல வகைப்படும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ஆயில்கள் வேறுபடுவது பெரும்பாலும் இங்குதான்.

பாகுநிலை என்றால் என்ன?

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பே பாகுநிலை. தண்ணீர் எளிதில் ஓடும். அதன் பாகுநிலை குறைவு. தேன் மெதுவாக ஓடும். அதன் பாகுநிலை அதிகம். வெப்பம் கூடும்போது பாகுநிலை குறையும். குளிர்காலக் காலையில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் முற்றிலும் வேறு நிகழ்வு; அது திண்மமாக மாறுதல். ஆனால் அடுப்பில் வைத்த நல்லெண்ணெய் சூடேறச் சூடேற இளகி ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். என்ஜின் ஆயிலுக்கும் அதுவே நடக்கிறது.

இங்கேதான் சிக்கல். காலையில் காரை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் உடனே எல்லாப் பாகங்களுக்கும் பாய வேண்டும். அதற்கு அது இளகியிருக்க வேண்டும். என்ஜின் முழுச் சூட்டை அடைந்தபின் படலம் அறுந்துவிடக் கூடாது. அதற்கு அது போதிய கெட்டியாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே ஆயில் நிறைவேற்ற வேண்டும் என்பதால்தான் ஆயில் டப்பாவில் இரண்டு எண்கள் இருக்கின்றன.

5டபிள்யூ-30: எண்களின் பொருள்

இந்த எண்முறையை உருவாக்கியது அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம். சுருக்கமாக எஸ்ஏஇ எனப்படும் இந்தச் சங்கம் 1905-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆயிலின் பாகுநிலையை வகைப்படுத்தும் அதன் தரக்குறிப்பு 'ஜே300' என அழைக்கப்படுகிறது.

முதல் எண் குளிர்நிலையைக் குறிக்கிறது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இந்த எண் எவ்வளவு குறைவோ, அவ்வளவு கடுங்குளிரிலும் ஆயில் இளகி ஓடும். 5டபிள்யூ என்றால் 5 டிகிரி என்று பொருள் அல்ல. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும், 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும் என்ஜினைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும் என்பது விதி.

இரண்டாவது எண் சூடான நிலையைக் குறிக்கிறது. 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை வைத்து இந்த எண் தரப்படுகிறது. அந்த எல்லைகள் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் வருமாறு:

- 16: 6.1 முதல் 8.2-க்குள்
- 20: 6.9 முதல் 9.3-க்குள்
- 30: 9.3 முதல் 12.5-க்குள்
- 40: 12.5 முதல் 16.3-க்குள்
- 50: 16.3 முதல் 21.9-க்குள்

5டபிள்யூ-30 ஆயில் சூடானால் கெட்டியாகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. எல்லா ஆயிலும் சூட்டில் இளகவே செய்யும். இந்த ஆயில் குளிரில் அதிகம் கெட்டிப்படாது, சூட்டில் அதிகம் நீர்த்துப்போகாது என்பதே அதன் பொருள். இப்படி இரு நிலைகளுக்கும் பொருந்தும் ஆயில் 'மல்டிகிரேடு' எனப்படுகிறது.

தமிழ்நாட்டில் எங்கும் மைனஸ் 15 டிகிரிக் குளிர் வருவதில்லை. எனவே காரை ஸ்டார்ட் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இங்கே முதல் எண் முக்கியமல்ல. ஆனால் கனடாவில் குளிர்காலத்தில் கார் ஓட்டும் தமிழருக்கு அந்த எண்தான் முதலில் பார்க்க வேண்டியது.

கெட்டியான ஆயில்தான் நல்லதா?

சென்னையில் ஓடும் ஒரு புதிய சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று எழுதியிருக்கிறது. தெருமுனை மெக்கானிக்கிடம் சர்வீசுக்கு விடும்போது அவர், "இது தண்ணி மாதிரி இருக்கும் சார். நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது. 20டபிள்யூ-50 போட்டுடலாம்" என்கிறார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவையே பரவலாகப் பயன்பட்டன. அந்த என்ஜின்களுக்கு அவை பொருந்தின. அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் பேசுகிறார். ஆனால் இந்தக் காருக்கு அந்த அறிவுரை பொருந்தாது. காரணங்கள் வருமாறு:

முதலாவதாக, ஆயிலின் சூட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வெளியே அடிக்கும் வெயில் அல்ல, என்ஜின். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் என்ஜினின் சூட்டை ஏறத்தாழ 90 டிகிரி அளவில் வைத்திருக்கின்றன. வெளியே 25 டிகிரியானாலும் 40 டிகிரியானாலும், முழுச் சூட்டை அடைந்த என்ஜினில் ஆயில் பொதுவாக 90 முதல் 110 டிகிரி வரைதான் இருக்கும். 0டபிள்யூ-20 என்று எழுதிய பொறியாளர்கள் அந்தச் சூட்டைக் கணக்கில் வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவதாக, பேரிங்குகளின் இடைவெளியும் ஆயில் பம்பின் திறனும் குறிப்பிட்ட பாகுநிலைக்காகவே அமைக்கப்படுகின்றன. மேலே உள்ள பட்டியலின்படி, 100 டிகிரியில்கூட 50 வகை ஆயில் 20 வகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டியானது. 40 டிகிரியில் இந்த வேறுபாடு மூன்று மடங்கையும் தாண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில், என்ஜினின் மேற்பகுதிக்கு ஆயில் சென்று சேரத் தாமதமாகும். அந்த நொடிகளில் பாகங்களைக் காப்பது முன்பே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் மட்டுமே.

மூன்றாவதாக, அழுத்தம் அதிகம் என்பதால் பாதுகாப்பு அதிகம் என்று ஆகிவிடாது. கெட்டியான ஆயில் குறுகிய பாதையில் செல்லத் தயங்குவதால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் எல்லையை மீறும்போது பம்பிலுள்ள வால்வு திறந்து, ஆயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அழுத்தம் அதிகமாகத் தெரியும். பாகங்களுக்குப் போகும் ஆயிலின் அளவு குறைந்திருக்கும்.

நான்காவதாக, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பின் ஆயில் பாதைகள் மிகக் குறுகியவை. ஆயில் கெட்டியாக இருந்தால் அந்த அமைப்பு தாமதமாக இயங்கும். எச்சரிக்கை விளக்கு எரியவும் வாய்ப்புண்டு. இவற்றோடு, கெட்டியான ஆயிலைக் கடைந்து சுழல என்ஜின் கூடுதல் ஆற்றலைச் செலவிடுவதால் மைலேஜும் சற்றுக் குறையும்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்மை. 15டபிள்யூ-40 கேட்கும் பழைய டீசல் என்ஜினில், மைலேஜ் கூடும் என்று 0டபிள்யூ-20 ஊற்றினால் படலம் போதாமல் பேரிங் தேயும். 150 டிகிரிச் சூட்டில், வேகமாக உரசும் நிலையில் ஆயிலின் பாகுநிலை எவ்வளவு எஞ்சுகிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அதில் 20 வகை குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-நொடியும், 15டபிள்யூ-40 குறைந்தது 3.7-உம் காட்ட வேண்டும். கெட்டியும் நல்லதல்ல, இளக்கமும் நல்லதல்ல. அந்த என்ஜினுக்கு எது வகுக்கப்பட்டதோ அதுவே நல்லது.

சில கையேடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை அனுமதிக்கின்றன. உதாரணமாக, 0டபிள்யூ-20 சிறந்தது, 5டபிள்யூ-30-உம் பயன்படுத்தலாம் என்று இருக்கலாம். அதிகப் பாரத்தோடு ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் அடிக்கடி ஏறும் காருக்கும், வயதாகி ஆயிலைக் குடிக்கத் தொடங்கிய காருக்கும், அனுமதிக்கப்பட்ட வகைகளுக்குள் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பது நியாயமானது. அந்த எல்லைக்கு வெளியே போவதுதான் தவறு.

தர அளவுகள்: ஏபிஐ, இல்சாக், ஏசிஇஏ

பாகுநிலை எண் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்கிறது. அதன் தரத்தைச் சொல்வதில்லை. அதற்குத் தனி அளவுகள் உள்ளன.

ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த அளவு. பெட்ரோல் என்ஜின் ஆயில்களுக்கு 'எஸ்' என்ற எழுத்திலும், டீசல் ஆயில்களுக்கு 'சி' என்ற எழுத்திலும் குறியீடு தொடங்கும். பெட்ரோல் வகையில் இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப்போகத் தரம் புதியது. எஸ்என் 2010-இலும், எஸ்பி 2020-இலும், எஸ்க்யூ 2025-இலும் வந்தன. கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்டால் எஸ்என்னுக்கு இறங்கக் கூடாது. எஸ்ஏ போன்ற மிகப் பழைய தரங்கள் இன்றைய எந்தக் காருக்கும் உகந்தவையல்ல.

டீசலில் சிஐ-4, சிஜே-4, சிகே-4 என்ற வரிசையில் புதியது பழையதற்கு மாற்றாக அமையும். எஃப்ஏ-4 மட்டும் விதிவிலக்கு. அது குறிப்பிட்ட புதிய கனரக என்ஜின்களுக்கான இளக்கமான ஆயில். பழைய என்ஜின்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது.

இல்சாக் என்பது பெட்ரோல் கார்களுக்கான, எரிபொருள் சிக்கனத்தையும் சேர்த்துச் சோதிக்கும் அளவு. 2020-இல் ஜிஎஃப்-6 இரு பிரிவுகளாக வந்தது. ஜிஎஃப்-6பி என்பது 0டபிள்யூ-16 ஆயிலுக்கு மட்டும் உரியது. மற்ற சிக்கன வகைகள் ஜிஎஃப்-6ஏ பிரிவில் வரும்.

ஏசிஇஏ என்பது ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் அளவு. ஏ3/பி4 போன்றவை பொதுவான பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. சி2, சி3, சி5 போன்ற 'சி' வகைகள், எரிந்தபின் குறைந்த சாம்பலை விடும் ஆயில்கள். ஏபிஐயின் 'சி'யும் ஏசிஇஏயின் 'சி'யும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே 5டபிள்யூ-30 என்ற எண்ணைத் தாங்கிய இரண்டு டப்பாக்கள் வேறு வேறு ஆயில்களாக இருக்கலாம் என்பது இதனால்தான். 150 டிகிரிச் சோதனையில் சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 2.9-ஐத் தாண்டினால் போதும். ஏசிஇஏ சி3 தரம் பெற்ற 5டபிள்யூ-30 குறைந்தது 3.5 காட்ட வேண்டும். ஐரோப்பியக் காரின் கையேடு சி3 கேட்கும்போது, எண் பொருந்துகிறது என்று வேறொன்றை வாங்கினால் பாதிதான் சரியாகத் தேர்ந்தெடுத்ததாக ஆகும்.

இவற்றுக்கும் மேலாகச் சில கார் நிறுவனங்கள் தாமே சோதித்து ஒப்புதல் வழங்குகின்றன. ஃபோக்ஸ்வேகன் 504 00, 507 00, மெர்சிடிஸ்-பென்ஸ் 229.51 ஆகியவை அத்தகையவை. கையேட்டில் இத்தகைய எண் இருந்தால், அதே எண் டப்பாவின் பின்புறத்திலும் இருக்க வேண்டும்.

மினரல், செமி சிந்தடிக், சிந்தடிக்

அடிப்படை எண்ணெய்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் முதல் இரு குழுக்கள் மினரல் எனப்படுகின்றன. சென்னை மணலியில் 1969-ஆம் ஆண்டு முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோல், டீசலோடு இத்தகைய மசகு அடிப்படை எண்ணெயையும் தயாரித்து வந்துள்ளது. மூன்றாம் குழுவும் கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆனால் ஹைட்ரஜன் உதவியுடன் அதன் மூலக்கூறுகள் பெருமளவு மாற்றியமைக்கப்படுவதால், பல நாடுகளில் அது சிந்தடிக் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. நான்காம் குழு வேதிமுறையில் உருவாக்கப்படும் பாலிஆல்ஃபாஓலிஃபின். எஸ்டர் முதலிய மற்றவை ஐந்தாம் குழு.

சிந்தடிக் ஆயில் உயர் வெப்பத்தில் எளிதில் சிதையாது; குளிரில் நன்கு ஓடும்; ஆவியாவதும் குறைவு. 0டபிள்யூ-20 போன்ற வகைகளைச் சிந்தடிக் அடிப்படை எண்ணெய் இல்லாமல் தயாரிப்பது கடினம். செமி சிந்தடிக் என்பது இரண்டின் கலவை. அதில் சிந்தடிக் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் பெயர் மட்டும் சொல்லிவிடாது.

ஆனால் சிந்தடிக் என்ற சொல் கையேட்டில் உள்ள தரத்திற்கு மாற்றாகாது. தவறான பாகுநிலை கொண்ட விலை உயர்ந்த சிந்தடிக்கைவிட, சரியான பாகுநிலையும் தரமும் கொண்ட எளிய ஆயிலே என்ஜினுக்கு நல்லது. பழைய காருக்கு மினரல் போதும் என்று கையேடு சொன்னால், சிந்தடிக்குக்காகக் கூடுதல் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

டர்போ, டீசல், ஹைபிரிட் கார்கள்

டர்போ பெட்ரோல் கார்கள்: டர்போவின் அச்சு மிகுந்த வெப்பத்தில் அதிவேகமாகச் சுழல்வதால் அங்கே செல்லும் ஆயில் எளிதில் கருகும். மேலும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் சிறிய டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக இழுவை தரும்போது எரிதல் முன்கூட்டியே நிகழ்ந்து பிஸ்டனையே உடைக்கக்கூடும். ஆயிலில் கால்சியம் சேர்க்கை அதிகமானால் இந்தச் சிக்கலும் கூடுகிறது எனக் கண்டறியப்பட்டது. ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கான சோதனையும், டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் உள்ளன. எனவே இத்தகைய கார்களுக்கு எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் பாதுகாப்பானது.

டீசல் கார்கள்: இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியை வடிகட்டும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இடம்பெற்றது. அதில் சேரும் கரியை என்ஜின் அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயிலின் உலோகச் சேர்க்கைகள் எரிந்து உண்டாகும் சாம்பலை எரிக்க முடியாது; அது அப்படியே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இக்கார்களுக்குக் குறைந்த சாம்பல் ஆயில் கட்டாயமாகிறது. பழைய டீசல் காருக்கு வாங்கிய மீதி ஆயிலைப் புதிய காரில் ஊற்றுவது சிறிய சிக்கனம், பெரிய நட்டம்.

ஹைபிரிட் கார்கள்: இவற்றின் என்ஜின் அடிக்கடி நின்று மீண்டும் இயங்குவதால் விரைவாகப் பாயும் 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற இளக்கமான வகைகளே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றன.

பைக் ஆயிலைக் காரில் ஊற்றலாமா?

கூடாது, காரின் ஆயிலைப் பைக்கிலும் ஊற்றக் கூடாது. பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதால் அதற்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் தேவை. உராய்வை மேலும் குறைக்கும் சேர்க்கைகள் கொண்ட கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் இருப்பதால் அதன் என்ஜின் ஆயில் வேறு தேவைகளுக்காக வகுக்கப்பட்டது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. கையேட்டைத் திறந்து, பாகுநிலை எண், தர அளவு, கொள்ளளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உரிய ஆண்டு, உரிய என்ஜினுக்கான கையேட்டைப் பெறலாம். என்ஜினின் ஆயில் மூடியிலேயே எண் பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு.
2. டப்பாவின் முன்புறத்தில் பாகுநிலை எண் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.
3. பின்புறத்தில் தர அளவைப் பார்க்க வேண்டும். ஏபிஐ உரிமம் பெற்ற ஆயிலில் வட்ட முத்திரை இருக்கும். அதன் மேற்பகுதியில் தரமும், நடுவில் பாகுநிலையும் எழுதப்பட்டிருக்கும்.
4. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி தெளிவாக உள்ளதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். வாரண்டி காலத்தில் அந்தப் பில் முக்கியச் சான்று.
5. மெக்கானிக்கிடம் மாற்றும்போது டப்பாவை நம் கண் முன்னே திறக்கச் சொல்வதும், காலி டப்பாவை ஓட்டை போட்டுவிடுவதும் நல்லது. நல்ல டப்பாவில் போலி ஆயிலை நிரப்பி விற்பதை இது தடுக்கும்.

இந்த மூன்று குறிப்புகளும் பொருந்தினால், எந்த நிறுவனத்தின் ஆயில் என்பது இரண்டாம் கேள்விதான்.

எப்போது மாற்ற வேண்டும்?

இந்தியாவில் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று இருக்கும். நம் காருக்கு உரிய அளவைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், ஓராண்டில் 4,000 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. "இன்னும் ஓடவே இல்லையே" என்று விட்டுவிடுவது தவறு. சிறு தூரப் பயணத்தில் ஆயில் முழுச் சூட்டை அடைவதில்லை. அதில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் தங்கி, நாளடைவில் ஆயிலைச் சேறுபோல் ஆக்கும். தூசி நிறைந்த சாலை, நெரிசலில் நின்று நின்று செல்லுதல், அதிகப் பாரம் ஆகியவையும் கடினப் பயன்பாடாகவே கருதப்படும். அப்போது கையேடு சொல்லும் குறுகிய இடைவெளியைப் பின்பற்ற வேண்டும். ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுவது அவசியம்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆயில் கறுப்பது, அது கரியைத் தன்னுள் தாங்குகிறது என்பதன் அடையாளம். டீசல் காரில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். ஆனால் ஆயில் பாலாடைபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அளவைச் சரிபார்த்தல்

சரியான ஆயிலை வாங்கினாலும் அது குறைந்துபோனால் பயனில்லை. மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்திற்கு முன்பும் அளவைப் பார்ப்பது நல்ல பழக்கம். சமமான தரையில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கு இடையே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு மசகுத் திறன் இல்லை. டிபிஎஃப் உள்ள டீசல் காரில் அளவு தானாகக் கூடியிருந்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கலாம்.

வழியில் ஆயில் குறைந்து, உரிய வகை கிடைக்கவில்லை என்றால், அதற்கு நெருக்கமான நல்ல என்ஜின் ஆயிலைச் சிறிதளவு ஊற்றி ஓட்டுவது, குறைவான ஆயிலில் ஓட்டுவதைவிட நல்லது. வேறு நிறுவனத்தின் ஆயிலோடு கலந்தாலும் உடனடித் தீங்கு இல்லை. ஊர் திரும்பியதும் உரியதை மாற்றிக்கொள்ளலாம்.

ஓடும்போது சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால், அது 'சர்வீஸ் செய்யுங்கள்' என்ற நினைவூட்டல் அல்ல. ஆயில் அழுத்தம் இல்லை என்ற எச்சரிக்கை. அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். அந்தச் சில கிலோமீட்டர்தான் பல என்ஜின்களை அழிக்கிறது.

பழைய ஆயிலை என்ன செய்வது?

மாற்றி எடுத்த ஆயிலில் உலோகத் துகள்களும் தீங்கான வேதிப்பொருள்களும் கலந்திருக்கும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அது வருகிறது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் நிலத்தடி நீர் கெடும். கரையானுக்கென மரத்தில் பூசுவதும், கையால் தொட்டுப் புழங்குவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. மூடிய டப்பாவில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் மையத்தில் கொடுப்பதே முறை.

முடிவுரை

என்ஜின் ஆயிலில் எல்லாக் கார்களுக்கும் சிறந்த ஆயில் என்று ஒன்று இல்லை. ஒரு குறிப்பிட்ட என்ஜினுக்குச் சரியான ஆயில் என்பதே உண்டு. அது எது என்பதை அந்த என்ஜினை வடிவமைத்தவர்கள் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாகுநிலை எண்ணும் தர அளவும் அதனுடன் பொருந்தும் ஆயிலை வாங்கி, உரிய காலத்தில் மாற்றி, மாதம் ஒரு முறை அளவைப் பார்த்து வந்தால் போதும். அடுத்த முறை காரைச் சர்வீசுக்கு விடும் முன், காரின் முன்பெட்டியில் கிடக்கும் அந்தக் கையேட்டை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டுச் செல்வது, என்ஜினின் ஆயுளுக்கு நாம் செய்யும் மிக மலிவான காப்பீடு ஆகும்.